வேண்டாம் என்கிற பிள்ளைகள்

வயிறு பசித்தால் சத்தம் போடும், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நாக்கு ஏங்கினால் அப்படியில்லை. ஓரத்தில் கொஞ்சம் ஊறிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அந்த ஊறலைத் தோலின் வழியாகவே கண்டுபிடிக்கிற ஒரு மோதிரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் போட்டால் போதும், இந்த ஆளுக்கு இன்றைக்கு எதன்மேல் ஆசை என்று சொல்லிவிடும். அப்புறம் உலகத்தில் யாருக்கு என்ன குறை இருக்கப்போகிறது? இசக்கியும் இப்படித்தான் நினைத்தாள்.

இசக்கியம்மாள் களக்காட்டுப் பெண். பின்லாந்தின் வடக்கோரத்தில், பேரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்கிற ஓர் ஊரில், பொருள்களை வடிவமைக்கும் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மார்கழியில் அங்கே சூரியன் எழுந்திருப்பதே கிடையாது. மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளிறும், அதுதான் பகல். பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். கடையில் கிடைத்தது ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், அப்புறம் பாலாடைக்கட்டி, மறுபடியும் பாலாடைக்கட்டி.

பிள்ளைகள் இளைப்பதைப் பார்த்துப் பல்கலைக்கழகம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் தோட்டம் போட்டது. வெளியே ஆளுயரப் பனி. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் முருங்கை காய்த்துத் தொங்கும், கறிவேப்பிலை மணக்கும். தேங்காயும் மீனும் கப்பலில் வரும். விளைந்ததை யாருக்கு, எப்போது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அதை வடிவமைப்பதுதான் இசக்கியின் படிப்புக்கான வேலை. மோதிரத்தை அவள் அதற்குத்தான் எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மோதிரம் கொடுத்தாள். அது சொல்லும் சேதியைக் கேட்டுச் சாமான் கொண்டுபோக வண்டிகள் செய்தாள். இடுப்புயரம், உருண்டை வயிறு, மேலே மூடி, மூடிக்கு மேல் வளைந்த பிடி, பனியில் ஓட ஆறு சக்கரம். கதவைத் திறப்பவரின் மொழியில் பேசும். பார்த்த உடனே தமிழ்ப் பிள்ளைகள் அதற்கு ‘வாளி’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சும்மா மதிப்பெண்ணுக்காக மட்டும் அவள் இதைச் செய்யவில்லை. விடுதியில் எதிர் அறையில் கோமதிநாயகம் இருந்தான். சங்கரன்கோவில் பையன். பனிப்பாறையைத் துளைத்து எடுத்து அதன் வயதைச் சொல்கிற படிப்பு. பாறை வயதைச் சொல்லும் பிள்ளைக்குத் தன் பசியைச் சொல்லத் தெரியாது. வந்தபோது போட்டிருந்த சட்டை இப்போது அவன்மேல் கொடியில் தொங்குவதுபோல் தொங்கியது. இந்த ஊர்ச் சோறு இறங்கவில்லை, மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன், படிப்பை ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் அவனை நிறுத்திவிட வேண்டும் என்று இசக்கி நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் வாளி அவன் கதவைத் தட்டியபோது அவள் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று பார்த்தாள்.

“வணக்கம். உங்களுக்காகத் தேங்காய், முருங்கைக்காய், இஞ்சி, சிறுபருப்பு கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுமா?”

கோமதியின் தொண்டைக் குழி ஏறி இறங்கியது.

“எதுக்கு இந்தச் சிரமம்? வேண்டாம், இருக்கட்டும். இப்பந்தான் சாப்ட்டேன்.”

“நல்லது. இனிய நாளாக அமையட்டும்.” வாளி திரும்பி உருண்டு போயிற்று.

கோமதி கதவைச் சாத்தவில்லை. வாளி திரும்பி வருமோ என்று நின்றான். அது வளைவில் மறைந்த பிறகும் நின்றான்.

இசக்கி இறங்கி வந்தாள். “ஏல, ஏம்ல வேண்டாம்னே?”

“ஒரு தடவதான கேட்டுது.”

“ஒரு தடவ கேட்டா பத்தாதா?”

“கேட்ட ஒடனே கைய நீட்டி வாங்கிக்கிட்டா என்ன நினைக்கும்?”

“அது மிஷின்ல.”

“மிஷினா இருந்தா என்ன? நமக்குன்னு ஒரு இது இல்லையா?”

விடுதி முழுக்க இதே கதை. மெக்சிகோப் பிள்ளைகள் சோளமாவை அள்ளிக்கொண்டார்கள். வியட்நாம் பிள்ளைகள் எலுமிச்சம்புல்லைக் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். நம் பிள்ளைகளின் கதவிலிருந்து மட்டும் வாளிகள் போனபடியே திரும்பின. ஈரான் பிள்ளைகளும் நம்மைப்போலத்தான். மேல்மாடியில் இருந்த ஃபர்ஹாத் என்ற பையன், “உங்கள் சக்கரத்துக்கு வலிக்குமே” என்று வண்டியையே உபசரித்து அனுப்பினானாம்.

இசக்கிக்கு வழிகாட்டி ஹெல்மி என்ற பேராசிரியை. நெடுநெடுவென்று உயரம், தலை முழுக்க வெள்ளி, அதிகம் பேசமாட்டார். அவர் தம் மொழியில் பேசுவதை இசக்கியின் காதில் இருந்த மொழிபெயர்ப்பான் பள்ளிக்கூடத் தமிழில் சொல்லும்.

“அவர்கள் வேண்டாம் என்றார்கள். வேண்டாதவர்களுக்கு நாம் ஏன் தர வேண்டும்?” என்றார் ஹெல்மி.

“மேடம், எங்க ஊர்ல மொத ‘வேண்டாம்’ மரியாதைக்கு. ரெண்டாவது, நீங்க மனசாரத்தான் கேக்கியளான்னு பாக்குறதுக்கு. மூணாவது தடவ கேட்டாத்தான் தட்ட இழுத்து வெச்சுக்கிடுவோம்.”

“அப்படியானால், உண்மையிலேயே வேண்டாம் என்பவர் என்ன செய்வார்?”

“இலைக்கு மேல ரெண்டு கையையும் இப்பிடிக் குறுக்க வெச்சுக்கிடுவாரு.”

“அப்போது விட்டுவிடுவீர்களா?”

“இல்ல மேடம். விரல் சந்துல ஊத்துவோம்.”

ஹெல்மி அதைக் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

இசக்கி தன் யோசனையைச் சொன்னாள். இனிமேல் வாளி கேட்கவே வேண்டாம். மோதிரம் சொல்வதை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடட்டும். வாய் பொய் சொன்னாலும் உடம்பு பொய் சொல்லாது அல்லவா?

“வாய் சொல்வதை விட்டுவிட்டு விரல் சொல்வதைக் கேட்பதா? எனக்கு இது அச்சமாக இருக்கிறது” என்றார் ஹெல்மி. பிறகு, “சோதனைதானே. எல்லோரிடமும் சம்மதம் வாங்கிக்கொள்” என்றார். சம்மதம் கேட்டபோது மட்டும் எல்லோரும் முதல் தடவையே சரி என்றார்கள். அது சாப்பாட்டு விஷயம் இல்லையே.

அந்த வாரம் விடுதியைப் பார்க்க வேண்டுமே. பொதுச் சமையலறையில் தேங்காய் திருகும் சத்தம். புகை எச்சரிக்கை மணி தாளிப்புக்கெல்லாம் கூவிக் கூவி ஓய்ந்துபோயிற்று. கோமதி வாசலில் கிடந்ததை எடுத்துக்கொண்டுபோய் என்னவோ வைத்துத் தின்றான். இசக்கி கதவில் காதை வைத்து, தட்டு வழிக்கிற சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பிரகாசி வந்தாள். தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். மீன் நோய்களைப் பற்றிப் படிக்கிறவள். வந்தவள் உட்காரவில்லை. ஒரு முழுச் சீலா மீனை இசக்கியின் மேசைமேல் வைத்தாள்.

“ஏட்டி இசக்கி, இத ஓன் வாளிகிட்ட சொல்லி நிப்பாட்டு.”

“ஏன்? கெட்டுப்போச்சா?”

“நல்ல மீனுதான். அதான் கஷ்டமே. எங்கக்கா மாசமா இருக்கா. ஏற்கெனவே ஒண்ணு தங்கல. நல்லபடியாப் பெத்துப் பொழைக்கிற வரைக்கும் மீனு தொடமாட்டேன்னு பனிமய மாதாவுக்கு நேந்திருக்கேன். நான் தொடலன்னா ஒடம்புக்கு ஆச கூடுது. ஆச கூடுனா ஓன் மோதிரம் பெரிய மீனா அனுப்புது. மொத நாளு ஒரு துண்டு. இப்பம் பாரு, தல வாலோட.”

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. பிரகாசியின் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

“நேத்து பொரிச்சே போட்டேன். வாய்வரைக்கும் கொண்டுபோயிட்டேன். அப்புறம் வெளிய பனியில காக்காய்க்கு வெச்சிட்டு வந்து அழுதேன். ஒடம்பு கேக்கும்டி. அது அப்படித்தான் கேக்கும். வேண்டாம்னு சொல்லத்தான நான்னு ஒருத்தி இருக்கேன்? என்னைய விட்டுட்டு என் வெரல்கிட்ட பேசுதே ஓன் மிஷினு.”

இசக்கி அந்தச் சீலாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

மறுநாள் அவளே ஹெல்மியிடம் போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். மோதிரங்களைத் திரும்ப வாங்கினார்கள். எந்தப் பிள்ளைக்கு எதன்மேல் ஆசை என்று மோதிரங்கள் சேர்த்து வைத்த சேதியெல்லாம் அழிக்கப்பட்டது. “நீ பார்த்தது உன் தலைக்குள் இருக்கும். அதை அழிக்க என்னால் முடியாது. அதைப் பயன்படுத்தமாட்டேன் என்று வாக்குக் கொடு” என்றார் ஹெல்மி. இசக்கி கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. கோமதி எதற்கு ஏங்குகிறான் என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள். இனி அவள் அதைச் சமைத்துக் கொடுக்கவும் முடியாது, பிறரிடம் சொல்லவும் முடியாது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

கோமதி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். உதவுகிற சாக்கில் இசக்கி போனாள்.

“கடைசியாக் கேக்கேன். ஒனக்கு என்ன வேணும்?”

“எனக்கு என்ன? ஒண்ணும் வேண்டாம்.”

“அந்தப் பிரகாசியும் இப்படித்தான். அவளுக்கு என்னதான் குடுக்கது?” என்று சலிப்பில் சொன்னாள்.

கோமதி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தான்.

“அவளுக்கு இப்பம் மீனு ஆவாது, நேர்ச்ச. ஆனா காலையில புட்டு இல்லாம அவளுக்கு ஓடாது. ரொட்டியப் பிச்சு உதுத்துத் தேங்காப்பூ இல்லாம பெசஞ்சு திங்கா பாத்துக்க, பாவம். மேல் மாடி ஃபர்ஹாத்துக்குப் புளிப்புன்னா உயிரு. எலுமிச்சம்பழத்தக் காயவெச்சுக் குழம்புல போடுவாங்களாம், ஒரு நாளு சொன்னான். அந்தக் கோடி ரூமு மெக்சிகோக்காரிக்குச் சோளமாவு வந்துரும், மொளகாதான் ஒறைக்கமாட்டேங்குன்னு அவளுக்கு வருத்தம். நம்ம மொளகா வத்தல் இருந்தா குடுக்கலாம்.”

அவன் பேசிக்கொண்டே போனான். அந்த விடுதியில் வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசி இசக்கி கேட்டதில்லை. தன் வாய்க்கு ஒரு வார்த்தை கேட்கத் தெரியாத பிள்ளை மாடி மாடியாக எல்லோருடைய ஏக்கத்தையும் தெரிந்து வைத்திருந்தான்.

“ஏல, ஒன்னய நான் மொதல்லயே கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு இசக்கி ஓடினாள்.

மூன்றாவது ஏற்பாடு இப்படித்தான் வந்தது. மோதிரம் கிடையாது. தனக்கென்று யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாளி கதவைத் தட்டி ஒரே கேள்வி கேட்கும்: “உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது ஏதாவது அனுப்ப வேண்டுமா?” சொன்னால் தோட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோய், இன்னார் கொடுத்துவிட்டார் என்று சொல்லி நிற்கும். பெறுபவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். திருப்பிக் கொண்டுபோய்விடும்.

“இப்போதும் அவர்கள் மரியாதைக்காக வேண்டாம் என்றால்?” என்றார் ஹெல்மி.

“சும்மா கேட்டா வேண்டாம்பாங்க மேடம். ஒருத்தர் குடுத்துவிட்டதத் திருப்பி அனுப்பமாட்டாங்க. அனுப்புனா சண்டைன்னு அர்த்தம்.”

ஹெல்மி தலையாட்டினார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வாளிகள் கிளம்பின. புதன்கிழமை காலை பிரகாசியின் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது, தாயும் பிள்ளையும் சுகம். மத்தியானமே அவள் வாசலில் வாளி வந்து நின்றது. “கோமதிநாயகம் கொடுத்துவிட்டார்.” மூடியைத் திறந்தால் சீலா மீன். முட்டைகூடத் தொடாத சைவப் பிள்ளை, மீன் வாடை வந்தால் மாடி மாறிப் போகிறவன், மீன் கொடுத்துவிட்டிருந்தான். பிரகாசி நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு எழுந்து உப்பும் மஞ்சளும் தேடப் போனாள்.

வியாழக்கிழமை ஹெல்மி இசக்கியைக் கூப்பிட்டனுப்பினார். சுவரில் ஊரின் வரைபடம் ஒளிர்ந்தது. வாளிகள் நிற்கவேண்டிய சுரங்க வாசல் வெறிச்சோடிக் கிடந்தது.

“வண்டிகள் போகின்றன, திரும்புவதில்லை. காலியானதும் இங்கே வரவேண்டும் என்பதுதான் விதி. ஒன்றுகூடக் காலியாகவில்லை என்கின்றன. சாமானோ இன்று புதிதாக எதுவும் தோட்டத்திலிருந்து போகவில்லை. உன் வடிவமைப்பில் பெரிய பழுது இருக்கிறது.”

இருவரும் விடுதிக்குப் போனார்கள். நடைபாதையில் வாளிகள் எதிரும் புதிருமாக உருண்டுகொண்டிருந்தன. ஃபர்ஹாத்தின் வாளிக்குள் குங்குமப்பூ மணக்கும் சோறு. கோடி அறையிலிருந்து வந்த வாளியில் சோள அடை, அதன்மேல் நம் மிளகாய் வற்றல். பிரகாசி ஒரு வாளியின் முன்னால் மண்டியிட்டுப் புட்டுக் குழலை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள்.

“ஏன் இதைக் காலியாக அனுப்பவில்லை?” என்று கேட்டார் ஹெல்மி.

“ஒருத்தர் குடுத்துவிட்ட பாத்திரத்த வெறுசாத் திருப்பி விடவா? எங்கம்மா கொன்னே போடுவா.”

“அது பாத்திரம் அன்று. வண்டி.”

பிரகாசி வாளியைச் சுற்றிப் பார்த்தாள். “மூடி இருக்குல்லா?” என்றாள்.

ஹெல்மி எதிர்ப் பக்கம் ஃபர்ஹாத்தைப் பார்த்தார். அவனும் தலையசைத்தான். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம்.

இசக்கிக்குக் கன்னம் சிவந்தது. வண்டிக்கு உருண்டை வயிறும் மூடியும் பிடியும் வைத்தவள் அவள்தான். பெட்டி மாதிரி செய்திருந்தால் அதது ஒழுங்காகக் காலியாகித் திரும்பியிருக்கும். ஹெல்மி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபர்ஹாத் ஒரு தட்டில் சோறு வைத்து நீட்டினான். அவர் உடனே வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, ஒரு பருக்கை விடாமல் தின்றார். பழுதைப் பற்றி அன்றைக்கு வேறு பேச்சு எழவில்லை.

எல்லா வாசலிலும் வாளி நின்றது, கோமதியின் வாசலில் மட்டும் நிற்கவில்லை. அவனுக்கு என்ன அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் எல்லோரையும் கவனித்தான், அவனைக் கவனிக்க அவன் இடம் கொடுக்கவில்லை. இசக்கிக்குத் தெரியும். வாக்குக் கொடுத்த நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நடமாடினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானத்து நீல வெளிச்சத்தில் கோமதி கனத்த அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கதவருகே வைத்தான். வழியனுப்ப இசக்கி வந்து நின்றாள்.

“ரயிலுக்கு நேரமாச்சு” என்றான்.

“ஆமா” என்றாள்.

கதவைத் திறந்தான். வாசலை அடைத்துக்கொண்டு வாளி நின்றது.

“பிரகாசி கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், கொண்டுபோய்விடுகிறேன்.”

கோமதியின் வாய் வழக்கப்படி திறந்தது. “வேண்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். மூடியை மெல்லத் தூக்கினான். ஆவியோடு தேங்காய்ப்பால் மணமும் இஞ்சி மணமும் வந்து அவன் மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டன. கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே நின்றான்.

சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குத் தேங்காய்ப்பாலும் சிறுபருப்பும் சேர்த்து வைக்கிற சொதி.

இசக்கி பதறிவிட்டாள். “நான் ஒண்ணும் சொல்லல” என்றாள், யாரும் கேட்காமலே.

பின்னால் நடைபாதையில் பிரகாசியின் குரல் கேட்டது. “அவ ஏன் சொல்லப்போறா? நான் எப்பம் தேங்காப்பால் காய்ச்சுனாலும் இவன் சமையக்கட்டுக்கு வெளிய வந்து நின்னு செவுத்துல இருக்க நோட்டீச வாசிப்பான். ஒரே நோட்டீசு. நேத்து கேட்டுட்டேன், ஓங்க ஊர்ல தேங்காப்பால்ல என்ன வெப்பியன்னு. சொதின்னான். வேற ஒண்ணும் சொல்லல. நானா யோசிச்சு வெச்சேன்.”

கோமதி கையுறையைக் கழற்றினான். அங்கியோடு நின்றபடியே கரண்டியால் எடுத்துத் தின்றான். தின்கிறவன் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுருங்கியது, பிறகு மறுபடியும் மலர்ந்தது.

“எப்படிடா இருக்கு?” என்றாள் பிரகாசி.

“பால் திரிஞ்சிருக்கு.”

“அப்புறம்?”

“இதுல பூசணிக்காய் போடக் கூடாது. பருப்பே இல்ல.”

“அப்பம் வெச்சிரு.”

“இல்ல, இல்ல.” வாளியின் அடி தெரியும்வரை அவன் நிமிரவில்லை.

வாளி காத்திருந்தது. “அடுத்து எங்கே போகட்டும்?” என்று கேட்டது.

கோமதி காலியான வாளியைப் பார்த்தான். அது வாசலை விட்டு நகர்ந்தால்தான் பெட்டி வெளியே போகும். பெட்டியைப் பார்த்தான். தூரத்தில் நிலையத்துப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் பனிக்குள் மெலிதாகக் கேட்டது.

“இத எப்படி வெறுசா அனுப்ப?” என்று தனக்குள் சொன்னான்.

ஃபர்ஹாத் மாடிப்படியில் எட்டிப்பார்த்தவன் அப்படியே நின்றான்.

“இதத்தான் சொதின்னு அவ ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பா. அது பெரும் பாவம்.” கோமதி அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றிப் பெட்டியின்மேல் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரும்பினான்.

“இசக்கி, ஒங்கிட்ட சிறுபருப்பு இருக்கா?”

அந்த ஊருக்கு வந்த பிறகு அவன் தனக்கென்று வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அது.

“இருக்கு” என்றாள் இசக்கி.

அவளிடம் ஒரு மணி பருப்புகூட இல்லை. யாரிடம் இருக்கும் என்றும் தெரியாது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி, முதலில் கண்ணில் பட்ட கதவைத் தட்டினாள்.